திகன நீரும் வீட்டுச் சவர்க்காரமும்

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனை செல்லும் நெடுவீதி, தென்னக்கும்புரைப் பாலத்தில் மகாவலி கங்கையைக் கடந்து கிழக்கு நோக்கி நீளுகின்றது. குண்டசாலை, பல்லேகலை, பலகொல்லை, கெங்கல்லை என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போக, ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில் திகன கடைவீதி எதிர்ப்படுகின்றது. கண்டியின் குளிர் இங்கே சற்றுத் தணிந்து, வெயில் சற்று ஓங்கி நிற்கும். வடகிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் நீல நிறம் காட்டி நிற்க, தாழ்வாரங்களில் தென்னையும் பலாவும் கராம்பும் கலந்து நிழல் விரிக்கும்.

வழியில் உள்ள குண்டசாலை தமிழ் வாசகர் நினைவிற் கொள்ளத்தக்க ஊர். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீரபராக்கிரம நரேந்திரசிங்க மன்னன் மாளிகை எடுத்து வாழ்ந்த இடம் அது. மதுரை நாயக்கர் குலத்தில் மணம் கொண்ட அம்மன்னனுக்குப் பின், அரசியின் உடன்பிறந்தான் அரியணை ஏற, கண்டியில் நாயக்கர் ஆட்சி தொடங்கிற்று. அதே குண்டசாலையில் இன்று விவசாயப் பாடசாலை ஒன்று நடைபெறுகின்றது. மண்ணைப் பற்றியும் பசளையைப் பற்றியும் இளைஞர் கற்கும் அவ்விடத்தைக் கடந்து செல்கையில், இக்கட்டுரையின் பொருள் தானாகவே நெஞ்சில் எழுகின்றது.

அண்மைக் காலமாகக் கண்டிப் பக்கத்துக் கடைகளிற் கைவினைச் சவர்க்காரங்கள் அழகிய தாளுறை போர்த்து வீற்றிருக்கின்றன. ஒன்றின்மேல் ‘இயற்கை’ என்று எழுதியிருக்கும். மற்றொன்றின்மேல் ‘சேதன’ என்று எழுதியிருக்கும். பின்னதன் விலை பெரும்பாலும் கூடுதலாயிருக்கும். வீட்டிலே சிறு கைத்தொழிலாகச் சவர்க்காரம் செய்ய எண்ணும் இல்லத்தரசியருக்கும் இதே ஐயம் எழுகின்றது. எண்ணெயும் இலையும் வாசனையும் வாங்கும்போது எந்தச் சொல்லை நம்பிப் பணம் கொடுப்பது? திகனவில் அத்தகைய குடும்பம் ஒன்று இருப்பதாக மனத்திற் கொண்டு, அதற்காக இவ்வினாவை ஆராய்வோம்.

பாறையும் நீரும்

திகன மண்ணின் கீழே வெண்ணிறப் பளிங்குப் பாறை பரந்து கிடக்கின்றது. அதனை டொலமைற்று என்பர். கல்சியமும் மகனீசியமும் கலந்த காபனேற்று அது. இங்கே அதனை அகழ்ந்தெடுத்துப் பொடியாக்கித் தேயிலை, தென்னை ஆகிய பயிர்களுக்கு இடுகின்றனர். சுண்ணாம்புச் சூளைகளும் இப்பகுதிக்குப் பழக்கமானவை.

பாறைக்கும் சவர்க்காரத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். இத்தகைய பாறையினூடு ஊறிவரும் கிணற்றுநீர் கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகின்றது. அதுவே வன்னீர். வன்னீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. அந்நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து, கரையாத வெண்படலமாக வாளியின் ஓரத்திலும் துணியிலும் படியும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணறுகளிற் குளித்தவர் இதனை நன்கறிவர். தேங்காயெண்ணெயிற் செய்த சவர்க்காரம் மட்டும் வன்னீரிலும் ஓரளவு நுரைக்கும், உவர்நீரிற்கூட நுரைக்கும். கப்பலோட்டிகளுக்கென்று முன்னாளிற் செய்யப்பட்ட கடல்நீர்ச் சவர்க்காரத்துக்குத் தேங்காயெண்ணெய் சேர்த்தமைக்குக் காரணம் இதுவே. ஆகவே ‘இயற்கை’, ‘சேதன’ என்னும் சொற்களைப் பார்க்குமுன், தன் கிணற்று நீரைப் பார்ப்பது திகனக் குடும்பத்தின் முதற் கடமை.

ஒரு சொல்லின் இரு முகங்கள்

தமிழகத்தில் ‘இயற்கை வேளாண்மை’ என்று வழங்குவதையே இலங்கைத் தமிழர் ‘சேதன வேளாண்மை’ என்பர். தமிழ்நாட்டில் அவ்வேளாண்மையை ஊர் ஊராகச் சென்று பரப்பிய கோ. நம்மாழ்வார் (1938–2013) கையாண்ட சொல்லும் ‘இயற்கை’ என்பதே. ஆதலால் அக்கரையில் அச்சொல் செயற்கை உரமும் நஞ்சும் இடாத பயிர்முறையைக் குறிக்கின்றது. இக்கரையிலோ ‘இயற்கை’ வேறு, ‘சேதனம்’ வேறு. இரு கரைச் சரக்கும் ஒரே கடையில் விற்கப்படும் இந்நாளில், இவ்வேற்றுமையை அறியாதவர் ஏமாறுதல் எளிது.

‘சேதனம்’ என்ற வடசொல்லும் பல வேடம் புனைந்துள்ளது. சமய நூலோர் அறிவுள்ள உயிரைச் சேதனம் என்றும், அறிவற்ற சடத்தை அசேதனம் என்றும் பிரித்தனர். இரசாயன நூலோர் உயிர்ப்பொருள்களிலிருந்து கிடைத்த சேர்வைகளுக்கு அப்பெயரை இட்டனர். அவற்றை ஆக்க உயிர்ச்சக்தி ஒன்று வேண்டும் என்பது ஒருகாலத்து நம்பிக்கை. 1828 ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வோலர், உடலிற் பிறக்கும் யூரியாவை உயிரின் உதவியின்றி ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்ட, அந்நம்பிக்கை தளர்ந்தது. இன்று காபன் சேர்வைகளின் இயலே சேதன இரசாயனம்.

இங்கே மாணவர் ஒரு விந்தையைக் கவனிக்கலாம். இரசாயன வகுப்பில் யூரியா ஒரு சேதனச் சேர்வை. சேதன வேளாண்மையிலோ, தொழிற்சாலையில் ஆக்கிய யூரியா முதலில் விலக்கப்படும் பொருள்களுள் ஒன்று. மறுபுறம், திகனவில் அகழும் டொலமைற்று இரசாயன வகுப்பில் அசேதனம். ஆயினும் அரைத்த பாறைப்பொடி என்ற வகையில் அதனைச் சேதன வயலில் இடலாம். இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகின்றது. வேளாண்மையிற் ‘சேதனம்’ என்பது பொருளின் குணத்தைச் சொல்லும் சொல்லன்று. அது பயிரிட்ட முறையைச் சொல்வது. நிலத்தில் என்ன இட்டார், என்ன தெளித்தார் என்பதற்கு வெளியார் ஒருவர் வந்து பார்த்துச் சாட்சி கூறியிருக்கின்றார் என்பதே அதன் பொருள். ‘இயற்கை’ என்பதோ பிறப்பிடத்தை மட்டும் சொல்லும். செடியிலிருந்தோ விலங்கிலிருந்தோ நிலத்திலிருந்தோ வந்தது எனும். எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சொல்லாது.

பானையுள் நிகழ்வது

‘சவர்க்காரம்’ என்ற நம் சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே சவரும் காரமும் தெரிகின்றன. வெறும் எண்ணெய் சவர்க்காரமாவதில்லை. எண்ணெயும் காரமும் ஒன்றையொன்று மாற்றி, சவர்க்காரமும் கிளிசரினுமாகப் பிரியும்போதே அது பிறக்கின்றது. இம்மாற்றத்தின் உட்பொருளைப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரல் 1823 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நம் முன்னோர் சாம்பல் நீரையும் உவர்மண்ணையும் கொண்டு துணி வெளுத்ததும் காரத்தின் வலிமையாலேயே.

கட்டிச் சவர்க்காரத்துக்கு இன்று பயன்படுவது எரிசோடா. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி அதனை ஆக்குவர். இலங்கையிலேயே அது ஆக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது. ஆனையிறவு உப்பைக் கொண்டு, 1950களில் நிறுவப்பட்ட பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரினும் ஆக்கிற்று. போர்க்காலம் அதனை நிறுத்திவிட்டது.

எரிசோடா எந்த வயலிலும் விளைவதன்று. ஆகவே முழுவதும் சேதனமான சவர்க்காரம் என்று உலகில் ஒன்றில்லை. சேதன விதிகள் விளைபொருள்களை மட்டுமே கணக்கிடுகின்றன. அமெரிக்க வேளாண்மைத் திணைக்கள விதிப்படி, நீரும் உப்பும் நீங்கலாக, 95 சதவீதம் சேதனப் பொருளிருந்தால் ‘சேதன’ என்றும், 70 சதவீதமேனும் இருந்தால் ‘சேதனப் பொருள்களாற் செய்யப்பட்டது’ என்றும் எழுதலாம். ஐரோப்பியச் சான்று நிறுவனங்கள் சில கூடி 2010 இல் கொஸ்மோஸ் என்னும் பொது விதியை வகுத்தன. ‘இயற்கை’ என்னும் சொல்லுக்கோ அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அழகுப் பொருள்கள் தொடர்பில் வரைவிலக்கணம் எதையும் வகுக்கவில்லை. 2016, 2017 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 16128 என்ற சருவதேச வழிகாட்டியோ நீரையும் இயற்கைப் பொருளாகவே எண்ணுகின்றது. நீர் மிகுந்த பண்டம் ஒன்று அவ்வாறு எளிதில் ‘90 சதவீதம் இயற்கை’ ஆகிவிடலாம்.

இன்னும் ஒரு செய்தி. சேதனத் தேங்காயெண்ணெயும் சாதாரணத் தேங்காயெண்ணெயும் ஒரே கொழுப்பமிலங்களையே தருகின்றன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி இலோரிக்கு அமிலம். பானையுள் இரண்டும் ஒரே சவர்க்காரமாகின்றன. தோலுக்கு இதம் தருவதும் எரிச்சல் தருவதும் அளவைப் பொறுத்தவை. 1 கிலோகிராம் தேங்காயெண்ணெயை முற்றாக மாற்ற ஏறத்தாழ 183 கிராம் எரிசோடா வேண்டும். அதில் 5 சதவீதம் குறைத்து, 174 கிராம் அளவில் நிறுத்தினாற் சிறிது எண்ணெய் மாறாமல் எஞ்சித் தோலைக் காக்கும். தேங்காயெண்ணெய் மட்டுமே சேர்ந்தது தோலை உலர்த்தக்கூடும் என்பதால், பலர் வேறு எண்ணெய்களையும் கலந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எரிசோடா அளவைத் தனித்தனியே கணக்கிடுவர். வார்த்த கட்டிகளை நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைத்தல் வேண்டும். எரிசோடாவை நீரிலே சிறிது சிறிதாக இடுதல் வேண்டும். நீரை எரிசோடாவின்மேல் ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரம் கூடாது. கையுறையும் கண்ணுக்குக் காப்பும் வேண்டும். குழந்தைகள் அருகிலிருத்தல் ஆகவே ஆகாது. சான்றிதழ் பெற்ற எண்ணெயை வாங்கிவிட்டு அளவிற் பிழைவிட்டால், அச்சான்றிதழ் கையைக் காப்பாற்றாது.

பண்டந்தோறும் ஒரு வினா

இனித் திகனக் குடும்பத்தின் சமையலறை மேசைக்கு வருவோம்.

முதலாவது கொழுப்பு. மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் இயற்கையே. முறைப்படி வளர்த்த விலங்கினதாயிற் சேதனமுமாகலாம். ஆயினும் நம்முட் பலர் அவற்றைத் தொடார். பம்பாயிற் கொத்ரெஜ் நிறுவனத்தார் 1918 அளவில் தாவர எண்ணெயாலேயே சவர்க்காரம் செய்து விற்கத் தொடங்கியபோது, விலங்குக் கொழுப்புச் சேராமை என்பதே அதன் பெருமையாய் இருந்தது. திகனவில் இது வெறும் வியாபார விடயமன்று. இங்கே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடைவீதியிற் கொண்டும் கொடுத்தும் வாழ்கின்றனர். 2018 மார்ச்சில் எழுந்த வன்முறையில் இவ்வூரில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. அவ்வடு உள்ள ஊரில், அயலார் எவரும் ஐயமின்றிக் கைநீட்டி வாங்கத்தக்க பண்டம் ஒன்றைச் செய்தல் சிறிய காரியமன்று. இன்ன எண்ணெயாற் செய்தது என்று உறையில் ஒளிவின்றி எழுதுதலே அதற்கு வழி. ‘இயற்கை’ என்ற ஒரு சொல் அந்தப் பணியைச் செய்யாது.

இரண்டாவது தேங்காயெண்ணெய். கண்டிப் பகுதியின் வீட்டுத்தோட்டங்கள் உலகத்து வேளாண் அறிஞர் பலரும் வந்து கண்ட தோட்டங்கள். தென்னை, பலா, கராம்பு, சாதிக்காய், மிளகு, கோப்பி ஆகியன காடுபோற் கலந்து வளரும் இடங்கள் அவை. அவற்றுட் பலவற்றிற் செயற்கை உரமும் நஞ்சும் அருகியே பயன்படுகின்றன. அவற்றின் சொந்தக்காரர் சான்றிதழ் பெற்றிருக்கமாட்டார். சான்றிதழுக்குப் பரிசோதகர் செலவுண்டு; ஏடுகள் எழுதி வைத்தல் வேண்டும்; நெடுங்காலப் பயிர்களுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு மாற்றக் காலமும் உண்டு. பல சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து சான்று பெறும் முறை இருப்பினும், பத்துத் தென்னை வைத்திருப்பவர் அதனை நாடுவது அரிது. அப்படிப்பட்டவரின் தேங்காய் முத்திரையில்லாத காரணத்தாற் குறைந்த பொருளாகிவிடாது.

மூன்றாவது வாசனை. கராம்பெண்ணெயும் கறுவா எண்ணெயும் இந்நாட்டின் செல்வங்கள். ஆயினும் கராம்பிலுள்ள யூஜினோல், கறுவாப்பட்டையிலுள்ள சினமல்டிகைட்டு ஆகியன சிலருடைய தோலில் ஒவ்வாமையை எழுப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 26 வாசனைப் பொருள்களை உறையிற் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று விதித்தது. அவற்றுள் இவ்விரண்டும் அடங்கும். 2023 இல் அப்பட்டியல் மேலும் நீண்டது. சேதன வயலில் விளைந்த கறுவாவிலும் அதே சினமல்டிகைட்டுத்தான் உண்டு. இங்கே கேட்கவேண்டியது எத்தனை துளி என்பதே.

நான்காவது மூலிகை. 1941 இல் தொடங்கிய சுவதேசி நிறுவனத்தின் கொஹொம்ப சவர்க்காரத்தால் வேம்பின் சிங்களப் பெயர் நாடெங்கும் குளியலறைகளிற் புகுந்தது. முற்றத்து வேம்புக்கு எவரும் நஞ்சு தெளிப்பதில்லை; அதற்கு முத்திரையும் வேண்டியதில்லை. மஞ்சளின் கதை வேறு. மஞ்சளும் சுண்ணாம்பும் கூடினாற் சிவக்கும் என்பதை ஆலத்தி கரைத்தோர் அறிவர். எரிசோடாவிலும் அது அவ்வாறே நிறம் மாறும். ஆகவே பானையில் இட்ட மஞ்சள் கடையில் வாங்கிய மஞ்சளாக வெளிவராது. மேலும் 2020 அளவில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோது, கலப்பட மஞ்சள் சந்தைக்கு வந்தது. அங்கே முதல் வினா ‘இது மஞ்சள்தானா’ என்பது. அழகுக்காகத் தூவும் கடைப்பூக்களுக்கும் தேயிலைக்கும் சேதன முத்திரை பெறுமதியுடையது. அவை பெரும்பாலும் மருந்து தெளித்து வளர்க்கப்படுவன.

முத்திரையின் பயன் யாருக்கு?

சவர்க்காரம் உடலிற் சில நொடி தங்கி நீரோடு போய்விடுவது. குளிப்பவருடைய தோலுக்குச் சேதன முத்திரை செய்யும் நன்மை சிறிதே. பெரும் நன்மை வேறிடத்தில் இருக்கின்றது. முதுகிலே தெளிகருவியைச் சுமந்து, மலைச்சரிவில் நஞ்சு தெளிப்பவர் ஒருவர் உண்டு. மலையகத்தில் அவர் பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளியே. களைக்கொல்லியான கிளைபோசேற்று 2015 இல் இந்நாட்டிற் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அத்தடையும் தளர்வும் ஏட்டிலே எழுதப்பட்டன. அவற்றின் விளைவு அவருடைய கையிலும் மூச்சிலும் எழுதப்படுகின்றது.

நஞ்சு அங்கேயே நின்றுவிடுவதுமில்லை. மலைச்சரிவில் விழும் மழை அத்தனையும் மகாவலியை நாடுகின்றது. திகனவை அடுத்து விரிந்துள்ள விக்டோரியா நீர்த்தேக்கம் 1985 இல் திறக்கப்பட்டது. 122 மீற்றர் உயரமுள்ள வளைவணை கட்டி நீரைத் தேக்கியபோது, பழைய தெல்தெனிய நகர் அதனுள் மூழ்கிற்று. வரட்சி மிகுந்த ஆண்டுகளில் நீர் வற்ற, பழைய கட்டடங்களின் எச்சங்கள் தலைகாட்டும். மேலே தெளித்தது கீழே வந்து சேரும் இடம் இதுவென்பதை, அந்நீர்ப்பரப்பின் கரையில் நிற்பவருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும் நல்ல சொல்லையும் ஆத்திரப்பட்டு ஏவினால் அது தீமை பயக்கும். 2021 மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. மண்ணைப் பழக்கவும் கூட்டெரு சேர்க்கவும் விவசாயிக்குக் காலம் தரப்படவில்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது, தேயிலை குன்றியது, அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. ‘சேதனப் பசளை’ என்ற சொல் பல விவசாயிகளின் நாவிற் கசந்தது அதன் பின்னரே. மூன்றாண்டு மாற்றக் காலத்தைச் சான்று நிறுவனங்கள் வற்புறுத்துவதன் நியாயம் அப்போது பலருக்கும் புலப்பட்டது.

ஆகவே திகனக் குடும்பத்துக்கு நாம் கூறக்கூடியது இதுவே. நடந்து சென்று பார்க்கக்கூடிய தோட்டத்துப் பொருளாயிற் சென்று பாருங்கள். என்ன இட்டீர்கள், என்ன தெளித்தீர்கள் என்று கேளுங்கள். விடை மனத்துக்குப் பிடித்தால் நியாயமான விலை கொடுத்து வாங்குங்கள். அதனை உறையில் ‘சேதன’ என்று எழுதாதீர்கள். சான்றில்லாத இடத்தில் அச்சொல் பொய்யாகும். ‘அயற்றோட்டத்துத் தேங்காயெண்ணெய்’ என்று எழுதுங்கள். அது உண்மையுமாம், பெருமையுமாம். கண்ணுக்கெட்டாத தூரத்தில் விளைந்து வருவனவற்றுக்கு, குறிப்பாக மருந்து மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர்களுக்கு, சேதன முத்திரையைத் தேடுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை உங்கள் மேனிக்குச் செய்யும் செலவாகக் கொள்ளாமல், அறியாத ஓர் உழைப்பாளியின் மூச்சுக்குச் செய்யும் உதவியாகக் கொள்ளுங்கள். தோலின் நலத்துக்கோ தராசையும் கணக்கையும் நம்புங்கள்.

மாணவருக்கு ஒரு சிறு வேலை. விடுமுறையிற் கண்டிப் பக்கம் செல்வீர்களாயின், திகனக் கிணற்று நீரை ஒரு போத்தலிலும், மழைநீரை மற்றொரு போத்தலிலும் எடுத்து, இரண்டிலும் ஒரேயளவு சவர்க்காரத்தைக் கரைத்துக் குலுக்கிப் பாருங்கள். எதில் நுரை நிற்கின்றது, எதில் வெண்படலம் திரள்கின்றது என்பதை ஏட்டிற் குறித்துக்கொள்ளுங்கள். உறையிலுள்ள எழுத்தைப் படிக்குமுன் பண்டத்தைப் படிக்கும் பழக்கம் அங்கிருந்து தொடங்கட்டும்.